மேடையில் பன்னிரண்டு வெயில்

நாரணாபுரம்,
12 பிப்ரவரி 2005

பேரன்பிற்குரிய ஸ்ரீமதி அவர்களுக்கு,

மாரிசெல்வி வணக்கத்துடன் வரைவது. தங்கள் கடிதம் நேற்றுப் பிற்பகல் ஸ்டுடியோ முகவரிக்கு வந்து சேர்ந்தது. கல்யாண ஆல்பத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்த கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன்.

தங்கள் கணவர் திரு. ஜெயச்சந்திரன் அவர்களின் அச்சகம் அடுத்த ஆண்டுக்கு வெளியிடவுள்ள மாதக் காலண்டருக்குப் படம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கலாம் என்று வாதாடி வென்றிருக்கிறீர்கள். நன்றி என்ற சொல் இதற்குப் போதாது. தங்கள் திருமணப் படங்கள் கழுவப்பட்ட மறுநாள், புதுமணப்பெண்ணாகிய தாங்களே எங்கள் இருட்டறை வாசல்வரை வந்து, "இந்தச் சன்னல் வெளிச்சத்தை எடுத்தது யார்?" என்று கேட்டீர்கள். அதற்கு முன் என்னிடம் எல்லோரும் முகத்தைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தனர். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர் தாங்கள்.

கோவில், அருவி, தவழும் குழந்தை ஆகியவற்றை எடுக்க இவ்வூரில் ஆட்கள் நிறைய உண்டு. நான் எடுக்க விரும்புவது ஓர் இடத்தை மட்டும். அதன்மேல் ஒரு பகல் முழுதும் மாறும் ஒளியை. விடியுமுன் உள்ள சாம்பல் வெளிச்சத்தை ஜனவரிக்கும், கதிர் மறைந்தபின் எஞ்சும் வெளிச்சத்தை டிசம்பருக்கும் வைத்துக்கொண்டால், இடையில் பத்து வெயில்கள் கிடைக்கும். அதற்கு நான் தேர்ந்திருக்கும் இடம், ஏழாயிரம்பண்ணைக்கு அப்பால் தங்கள் குடும்பத்தின் பட்டாசு யூனிட்டில் உள்ள காயப்போடும் மேடை. ஈரமாகப் பிசைந்து உருட்டிய சரக்கைப் பரப்பிவைக்கும் அந்தச் சிமெண்டுத் தளத்தில் வெயிலும் ஒரு வேலையாள். அது எத்தனை மணிக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருவரும் படமாக்கியதில்லை.

வேண்டுகோளும் ஒன்றுண்டு. நம் ஊர் அச்சகங்களில் எந்தப் படம் போனாலும் வானத்துக்கு நீலம் ஏற்றிவிடுகிறார்கள். நம் நண்பகல் வானம் நீலம் அன்று; வெள்ளை. அதை வெள்ளையாகவே விட வேண்டும். வண்ணத் திருத்தம் சென்னை அலுவலகத்தில் தங்கள் பார்வையில் நடப்பதால் இதைத் துணிந்து கேட்கிறேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் என் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் கூச்சமின்றி எழுதிவிடுகிறேன். நூலகத்து ஆங்கில நூல்களை அகராதியின் துணையோடு வாசித்துக் கற்றவளுக்குப் பட்டம் தர எந்தக் கல்லூரியும் இல்லை.

தங்கள் அன்பை மறவாத,
ஈ. மாரிசெல்வி

* * *

சென்னை,
24.2.2005

அன்பு செல்வி,

உன் கடிதத்தை ஆபீசில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "யாருங்க இவங்க, தமிழ் வாத்தியாரா?" என்று டிசைனர் பையன் கேட்டான். "போட்டோகிராபர்" என்றேன். நம்பவில்லை!

அவர் சம்மதித்துவிட்டார். லேசில் இல்லை. "சாமியும் இல்ல, கொழந்தையும் இல்ல, வெறும் சிமெண்டுத் தரை. இத எந்த மளிகைக் கடைக்காரன் செவத்துல மாட்டுவான்?" என்று இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள், "சரி, உன் தோழிக்காக ஒரு டிசைன்" என்றார். ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியாகும்போது நம் டிசைனும் அதில் இருக்கும். போர்மேன் கோட்டைச்சாமிக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஸ்லைடு பிலிமில் எடு. எங்கள் ஸ்கேனருக்கு அதுதான் நன்றாக வரும். ஆனால் நெகட்டிவ் கிடையாது, எடுத்ததுதான் மூலப்படம் என்பது உனக்கே தெரியும். பத்திரமாகக் கூரியரில் அனுப்பு.

வெள்ளை வானத்துக்கு நான் பொறுப்பு. பெயருக்கும் நான் பொறுப்பு. போதுமா, மகாராணி?

உன்,
ஸ்ரீமதி

* * *

நாரணாபுரம்,
18 ஏப்ரல் 2005

பேரன்பிற்குரிய ஸ்ரீமதி அவர்களுக்கு,

பங்குனி வெயில் என் முதுகை உரித்துவிட்டது. ஆயினும் மனம் நிறைந்திருக்கிறது. பன்னிரண்டு ஸ்லைடுகளையும் இத்துடன் கூரியரில் அனுப்பியுள்ளேன். தவறியவற்றைக் கழுவிய அன்றே வெட்டியெறிந்துவிட்டேன். பிழையான படத்தைச் சேமித்துவைக்கும் வழக்கம் எனக்கில்லை.

யூனிட்டுக்குள் செருப்பில்லாமல்தான் நுழைய வேண்டும். மின்கலம் உள்ள எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என் பழைய கேமராவை மட்டும் கொண்டுசென்றேன். அதில் ஒளியளக்கும் முள் கிடையாது. உள்ளங்கையை நீட்டி, விரல் நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று பார்த்துத்தான் அளவு வைப்பேன். முக்காலியின் இரும்புக் கால்களில் சாக்குச் சுற்றச் சொன்னார் கோட்டைச்சாமி. சுற்றினேன். பகல் முழுதும் அதே இடத்தில், வடக்கு நோக்கி நின்றேன்.

விடியலில் மேடை ஈயத்தகடு போல் குளிர்ந்து கிடந்தது. முதல் கதிர் கிழக்கேயிருந்து தரையோடு தரையாக வந்தபோது, சிமெண்டின் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் முளைத்தது. சரக்குப் பரப்பியபின் சிவப்புக் காகிதக் குழாய்களின் நிறம் அருகில் நின்ற பெண்களின் முகவாயில் ஏறியது. நண்பகலில் எல்லாம் போயிற்று. நிழல் காலடியில் ஒடுங்கிவிட்டது. பெண்களின் கைகளில் படிந்திருந்த அலுமினியப் பொடி மட்டும் கண்ணைக் குத்தியது. அந்த வெயில் எதையும் அழகுபடுத்த மறுக்கிறது. அதனாலேயே அதை ஜூன் மாதத்துக்கு வைத்திருக்கிறேன்.

என் பெரியம்மா மகள் ராக்காயி அங்குதான் மேடைவேலை செய்கிறாள் என்று முன்பு எழுதியிருக்கிறேன். தீப்பெட்டிக்குப் பசை ஒட்டிக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டவள் அவளே. பகல் முழுதும் என்னைக் கேலி செய்து தீர்த்துவிட்டாள்.

"ஏட்டி செல்வி, காலையிலருந்து ஒரே எடத்தயே புடிச்சிக்கிட்டு இருக்கியே, மேட என்ன வயசுக்கு வந்த புள்ளயா?"

"வெயில் மாறுதுல்லக்கா."

"வெயில் மாறுது, ஒனக்குத்தான் புத்தி மாறல. எங்க மூஞ்சியெல்லாம் கறுத்துத் தெரிஞ்சா காலண்டர ஓன் தலையில கிழிச்சிப்புடுவேன், ஆமா."

நவம்பருக்கு நான் வைத்துள்ள படத்துக்கு "அள்ளும் நேரம்" என்று பெயரிட்டிருக்கிறேன். வெயில் சாயுமுன் மேடை காலியாக வேண்டும் என்று யூனிட்டின் சுவரில் பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் சூரியன் கருவேலங்காட்டுக்குள் பாதி இறங்கிய பின்னும் பெண்கள் சரக்கை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கோட்டைச்சாமி பக்கத்தில் நின்று விரட்டினார்.

"ஏ ராக்காயி, வெளிச்சம் இருக்கயிலயே அம்புட்டையும் அள்ளிப்புடுங்க. வடநாட்டு ஆர்டரு, லாரி லோடுக்கு நிக்கி."

"சூடு தணியட்டும்ணே. கை பொறுக்கல."

"ஒனக்குச் சூடு தணியறதுக்குள்ள தீவாளியே வந்துரும். அள்ளு ஆத்தா."

"தினமும் இப்படித்தானா?" என்று அவளிடம் கேட்டேன். "சீசன்னா தினமும் இதுதான். நீ ஓன் பொட்டியப் பாரு" என்றாள். நாள் முழுதும் எழுந்த தூசியில் வடிகட்டிய சிவந்த ஒளி, குனிந்த முதுகுகளின்மேல் விழுந்து, நிழல்களைக் கிழக்குக் கொட்டகைவரை நீட்டியிருந்தது. பன்னிரண்டில் இதுவே தலையாயது என்று கருதுகிறேன். தங்கள் கருத்தை அறிய ஆவலுடன் காத்திருக்கும்,

ஈ. மாரிசெல்வி

* * *

சென்னை,
2.5.2005

அன்பு செல்வி,

லைட் டேபிளில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து இத்தனை வருஷமாகிறது. அந்த மேடையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது அங்கே ஒரு பகல் இருந்துவிட்டு வந்தமாதிரி இருக்கிறது.

"அள்ளும் நேரம்" பற்றி நீ சொன்னது சரி. மற்ற பதினொன்றும் அதற்காகவே காத்திருக்கின்றன.

ராக்காயி அக்காவிடம் சொல்: முகம் கறுக்கவில்லை.

உன்,
ஸ்ரீமதி

* * *

நாரணாபுரம்,
3 ஜூலை 2005

அன்பிற்குரிய ஸ்ரீமதி அவர்களுக்கு,

செய்தி தங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே வந்திருக்கும். ராக்காயி அக்கா போய்விட்டாள். அவளோடு மேடையில் அள்ளிக்கொண்டிருந்த பாலம்மாளும் மாரித்தாயும் போய்விட்டார்கள். சூடு ஆறாத சரக்கு, சாயும் பொழுது, லோடுக்கு நின்ற லாரி. வெடித்த சத்தம் நாரணாபுரத்துக்குக் கேட்கவில்லை. யூனிட்டுக்கு ஆள் ஏற்றிச்செல்லும் வேன்காரர் வந்து சொல்லித்தான் தெரியும். அடையாளம் காட்ட நான் சென்றேன். அதைப் பற்றி எழுத என்னிடம் தமிழ் இல்லை.

எழுத வேண்டியது வேறொன்று. வெயில் சாயுமுன் மேடை காலியாகிவிடுவதே யூனிட்டின் வழக்கம் என்றும், அன்று ஒருநாள் மட்டும் ராக்காயி கூடுதல் கூலிக்கு ஆசைப்பட்டு, மற்ற இருவரையும் தூண்டி, தடையை மீறி மேடைக்கு அழைத்துச்சென்றாள் என்றும் கோட்டைச்சாமி வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். "எத்தன தடவ சொன்னேன், பொழுது சாஞ்சா மேடைக்குப் போகாதீகன்னு. ராக்காயிதான் காதுல வாங்கல" என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே, அவளுடைய மகள் பானுப்பிரியாவின் முன்பாகவே சொன்னார்.

இதை ஊர் நம்பிவிட்டது. நேற்றுத் தெருக்குழாயில் பாலம்மாளின் மருமகள் பானுப்பிரியாவின் குடத்தைத் தள்ளி வைத்தாள். "ஓங்காத்தா கூலிக்கு ஆசப்பட்டு எங்க அத்தையவும் கூட்டிட்டுப் போயிட்டால்ல. நீ எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்கன தண்ணி புடிக்க வார?" என்றாள். பெண் வெறுங்குடத்தோடு திரும்பிவந்தாள். அதன்பின் அவள் தெருவில் இறங்கவில்லை.

தங்களிடம் ஒரு ஸ்லைடு இருக்கிறது. ஏப்ரலில், சூரியன் மறையும் வேளையில், மூவரும் மேடையில் இருக்கிறார்கள். கோட்டைச்சாமி அருகில் நின்று கை நீட்டுகிறார். அன்று ஒருநாள் மட்டும் நிகழ்ந்ததன்று, அதுவே வழக்கம் என்பதை அந்தப் படம் சொல்லும். விசாரணை அதிகாரியிடம் அதை ஒப்படைக்க வேண்டும். தயைகூர்ந்து உடனே அனுப்பிவையுங்கள்.

தங்கள்,
ஈ. மாரிசெல்வி

* * *

சென்னை,
15.7.2005

அன்பு செல்வி,

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ராக்காயி அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் உன் கடிதங்களில் எத்தனை முறை பேசியிருக்கிறார்! இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரும் தூங்குவதில்லை. யூனிட்டைச் சீல் வைத்துவிட்டார்கள். மாமனாருக்கு நெஞ்சுவலி.

ஸ்லைடுகள் எல்லாம் ஸ்கேனிங்கில் இருக்கின்றன. ஆல்பம் வேலை முடியும் நேரம், இப்போது நடுவில் ஒன்றை உருவினால் வரிசையே கெட்டுவிடும். ஆடிப் பெருக்கு முடியட்டும். கொஞ்சம் பொறு.

நீயும் யோசித்துப் பார். அந்த யூனிட்டை நம்பி உங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? லைசென்ஸ் போனால் அவர்கள் எங்கே போவார்கள்? இறந்தவர்கள் திரும்பப் போவதில்லை.

பானுப்பிரியாவை நான் படிக்க வைக்கிறேன். இதை நீ மறுக்கக் கூடாது.

உன்,
ஸ்ரீமதி

* * *

நாரணாபுரம்,
9 ஆகஸ்ட் 2005

ஸ்ரீமதி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய ஆல்பத்துக்கு முன்பாகவே விசாரணை அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தங்கள் தரப்பு வழக்கறிஞர் அந்தக் காலண்டரை ஆதாரமாகக் கொடுத்திருக்கிறார். மேடையில் பெண்கள் வேலை செய்வதும் போர்மேன் மேற்பார்ப்பதும் காலை நேரத்தில்தான் என்பதற்குச் சான்றாம். அடியில் என் பெயர் இருப்பதால் நான் வந்து, ஆம், இது என் படமே என்று சொல்ல வேண்டுமாம்.

அன்று மாலையே ஆல்பம் வந்தது. வானம் வெள்ளையாக இருக்கிறது. பெயர் ஒவ்வொரு தாளிலும் இருக்கிறது. வாக்குத் தவறவில்லை தாங்கள்.

நவம்பரில் இருந்த படம் பிப்ரவரிக்கு வந்துவிட்டது. அதன் பெயர் "பணி தொடங்கும் நேரம்" என்று மாறியிருக்கிறது. முதலில் இதை வேறு படம் என்றே எண்ணினேன். அப்படி ஒரு காலையை நான் எடுத்த நினைவில்லை. பிறகுதான் ராக்காயி அக்காவைப் பார்த்தேன். அவளுடைய முந்தானை வலத்தோளில் கிடந்தது. மாரித்தாய்க்கும் வலத்தோளில். கோட்டைச்சாமியின் சட்டைப்பை வலப்பக்கத்தில்.

படத்தை இடம்வலமாகத் திருப்பிவிட்டீர்கள். இடப்பக்கத்து அந்திச் சூரியன் வலப்பக்கம் போய் உதயசூரியன் ஆயிற்று; கிழக்கே நீண்ட நிழல் மேற்கே நீண்டது. கொட்டகை இருந்தால் காட்டிக்கொடுக்கும் என்று அதை வெட்டிவிட்டீர்கள். தூசியின் சிவப்பை எடுத்துவிட்டு விடியலின் நீலத்தைச் சிறிது ஊற்றியிருக்கிறீர்கள். மிகையில்லாமல், அளவாக. டிசைனர் பையனுக்கு இவ்வளவு பொறுமை வராது. காலை ஒளிக்கும் மாலை ஒளிக்கும் உள்ள வேற்றுமையை இத்தனை நுட்பமாக அறிந்த இன்னொருவரை எனக்குத் தெரியாது. இருட்டறை வாசலில் வந்து கேட்டவர் தாங்கள்.

பானுப்பிரியாவைப் படிக்கவைப்பதாக எழுதியிருந்தீர்கள். அவளிடம் வாசித்துக் காட்டினேன். "எங்கம்மா மேல தப்பு இல்லன்னு சொல்லச் சொல்லுங்க சித்தி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

இம்மாத இறுதியில் என்னை விசாரிக்கிறார்கள். மூலப்படம் அதற்கு முன் என் கைக்கு வந்தாக வேண்டும். இதுவரை தங்களை நான் எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

ஈ. மாரிசெல்வி

* * *

சென்னை,
22.8.2005

செல்வி,

ஆமாம், நான்தான் செய்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ராத்திரி எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து செய்தேன். படத்தைத் திருப்ப ஒரு நொடி. சிவப்பை எடுக்கத்தான் நேரமானது.

அவரை அரெஸ்ட் செய்வார்கள் என்று வக்கீல் சொன்னார். என் குழந்தைகளுக்கு அப்பா. நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கமாட்டேன். நீ செய்யமாட்டாய் என்று தெரியும். உன்னிடம் இழக்க எதுவுமில்லை, அதனால் உனக்கு நேர்மை சுலபம்.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தாலும் தெரியும், அதனால் அப்படியே விடுகிறேன்.

உன் ஸ்லைடுகளை அனுப்பியிருக்கிறேன். பதினொன்று இருக்கின்றன. ஒன்று இல்லை, இனி எங்கும் இல்லை. கேட்காதே. மற்றவை உன் உழைப்பு, உன்னிடமே இருக்கட்டும். பெரிய கண்காட்சிக்குப் போக வேண்டிய படங்கள் அவை, செல்வி. சென்னையில் எனக்குத் தெரிந்த காலரி ஒன்றில் பேசியும் வைத்திருக்கிறேன்.

விசாரணையில் படம் உன்னுடையதுதான் என்று மட்டும் சொல். பொய் இல்லையே, உன்னுடையதுதானே.

ஸ்ரீமதி

* * *

நாரணாபுரம்,
6 செப்டம்பர் 2005

திருமதி ஸ்ரீமதி ஜெயச்சந்திரன் அவர்களுக்கு,

விசாரணை முடிந்தது. தங்கள் வழக்கறிஞர் எல்லாவற்றையும் தங்களிடம் கூறியிருப்பார். ஆயினும் என் வாயால் கேட்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு.

பிப்ரவரித் தாளை மேசையில் விரித்து, "இந்தப் படம் ஒங்க படந்தானம்மா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். வழக்கறிஞர் சிரித்தார். "ஒங்க பேரு போட்டுருக்கே. பேரப் போடச் சொல்லி நீங்களே லெட்டர் எழுதியிருக்கீகளாம்ல?" என்றார். அக்கடிதத்தை அவருக்குக் காட்டியவர் யார் என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடி உண்டா என்று நான் கேட்டதும் அலுவலகத்துப் பெண் ஒருவர் தம் கைப்பையிலிருந்து சிறு முகக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். தாளின் எதிரே அதைப் பிடித்துக் காட்டினேன். கண்ணாடிக்குள் முந்தானைகள் இடத்தோளுக்கு வந்தன. சூரியன் மேற்கே போயிற்று. அதிகாரி எழுந்து வந்து குனிந்து நெடுநேரம் பார்த்தார். பின்னர், "மூலப்படம் இருக்காம்மா?" என்றார். இல்லை என்றேன். "இருந்தா நல்லாருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். கண்ணாடியில் தெரிந்ததை எழுதிக்கொள்ள இயலாதாம். மூன்று பெண்களின் கவனக்குறைவு என்று அறிக்கை போகும். தூண்டியவள் ராக்காயி என்றும் போகும்.

யூனிட் ஐப்பசியில் திறக்கும் என்று வேன்காரர் சொல்கிறார். பெண்கள் திரும்பவும் வேலைக்குப் போவார்கள்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பானுப்பிரியாவைச் சாத்தூரில் என் தோழி ஒருத்தியின் வீட்டில் விட்டுவந்திருக்கிறேன். அங்கே அவள் யார் மகள் என்று குழாயடியில் எவருக்கும் தெரியாது. அவள் அம்மாவைத் தெரியாதவர்கள் நடுவில்தான் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியும் என்ற நிலையை நாம் இருவரும் சேர்ந்து அவளுக்கு உண்டாக்கிக் கொடுத்திருக்கிறோம். நான் எடுத்தேன், தாங்கள் திருப்பினீர்கள்.

என்னிடம் இழக்க எதுவுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அச்சகங்கள் எனக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டன. ஸ்டுடியோ முதலாளியும், "கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா" என்று மரியாதையோடு சொல்லிவிட்டார். இவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வெளிச்சத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒருவர் இருந்தார். அது ஒன்றும் இல்லை என்றால், ஆம், இழக்க என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

பதினொரு ஸ்லைடுகளையும் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தேன். பிழையில்லை. விடியல் இருக்கிறது, நண்பகல் இருக்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்ட வெறும் மேடையும் இருக்கிறது. அவர்கள் எப்போது போனார்கள், யார் சொல்லி அதுவரை நின்றார்கள் என்பது மட்டும் அந்தப் பகலில் இல்லை. அப்படி ஒரு பகலை நான் எடுக்கவில்லை. இவற்றைத் தங்கள் கண்காட்சியில் மாட்டுவதானால் மாட்டிக்கொள்ளலாம். என் பெயர் வேண்டாம்.

ஸ்லைடுகளைப் பதிவுத் தபாலில் இன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

ஈ. மாரிசெல்வி